பல்லிகளின் சுரப்பிவழிச் செய்திப் பரிமாற்றம்

பல்லியினத்தைச் சேர்ந்த ஊர்வன, தம் உடலிலுள்ள சுரப்பிகள் வெளியிடும் பொருட்களைக் கொண்டு தம் இனத்துப் பிற உயிர்களுக்குச் செய்தி தெரிவிப்பது சுரப்பிவழிச் செய்திப் பரிமாற்றம் எனப்படும். இது வேதித் தொடர்பின் ஒரு வகை. ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தின் மற்றோர் உயிரின் நடத்தையையோ உடலியக்கத்தையோ மாற்றும் பொருட்களுக்கு ஃபெரோமோன்கள் என்று பெயர். எறும்புகள் சாரை தவறாமல் செல்வது இத்தகைய பொருட்களால்தான் என்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியும் ஏறத்தாழ இதையே செய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தமிழ் மரபில் பல்லி பேசும் உயிர். அதன் ஒலியைப் பல்லி 'சொல்வதாக'க் கூறுவது இன்றும் வழக்கில் உள்ளது. சங்க அகப்பாடல்களில் பல்லியின் ஒலி நிமித்தமாகக் கொள்ளப்படுகிறது. பிற்காலத்தில் திசையையும் நேரத்தையும் வைத்து அந்த ஒலிக்குப் பலன் கூறும் கௌளி சாத்திரம் வளர்ந்தது. பல்லி ஒலி எழுப்புவதும் உண்மை, அந்த ஒலி மற்றப் பல்லிகளுக்கானது என்பதும் உண்மை. ஆனால் ஒலி எழுந்த நொடியிலேயே மறைந்துவிடும். பல்லி நகர்ந்து போன பிறகும் சுவரிலும் மரப்பட்டையிலும் பாறையிலும் தங்கி நின்று, அது இல்லாத நேரத்திலும் அதன் சார்பில் பேசுவது தொடையிலிருந்து வழியும் ஒரு மெழுகு.

ஏரல் முதல் மாஞ்சோலை வரை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இவ்வளவு குறுகிய தொலைவுக்குள் மழைக்காடு, புதர்க்காடு, வயல், வாழைத்தோட்டம், செம்மணல் தேரி, கடற்கரை எனப் பல நிலங்கள் வந்துவிடுகின்றன. அதனால் பல்லியினங்களின் பெரும்பிரிவுகள் பலவற்றையும் இப்பள்ளத்தாக்கில் காணலாம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஏரல் போன்ற ஊர்களில் வீட்டுச் சுவர்களில் ஹெமிடாக்டிலஸ் பேரினத்தைச் சேர்ந்த பல்லிகள் வாழ்கின்றன. புளி போன்ற பெருமரங்களின் தண்டில் அதே பேரினத்தின் மரப்பல்லி (ஹெமிடாக்டிலஸ் லெஷனால்டி) ஒட்டிக்கொண்டிருக்கும். வேலியில் ஓணான், சருகுக்கிடையில் அரணை, வரப்போரப் பொந்துகளில் உடும்பு, வறண்ட தரையில் தொண்டையில் விசிறி விரிக்கும் சிற்றோணான், மேலே மேற்குத் தொடர்ச்சி மலையில் பகலில் நடமாடும் சிறு பல்லிகள் என்று பட்டியல் நீளும்.

இவற்றுள் சில சுரப்பியை முதன்மையாக நம்பி வாழ்பவை. சில அதை அறவே கைவிட்டு நிறத்துக்கும் அசைவுக்கும் மாறியவை. ஒரே ஆற்றங்கரையில் இரண்டு வகையும் அருகருகே வாழ்வதால், இப்பொருளை விளக்க வேறு ஊர் தேட வேண்டியதில்லை. ஆயினும் விரிவான சோதனைகள் பெரும்பாலும் ஸ்பெயின், அமெரிக்கா போன்ற இடங்களின் பல்லிகளிலேயே நடந்துள்ளன. ஆகவே எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தும் வரும்.

சுரப்பிகள் அமைந்துள்ள இடம்

ஆண் வீட்டுப்பல்லியை அடிப்பக்கமாகப் பார்த்தால், பின்தொடைகளின் உட்புறத்தில் செதில்களுக்கு நடுவே வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். இவை தொடைத்துளைகள். சில இனங்களில் இத்துளைகள் தொடையில் இல்லாமல் பொதுக்கழிவுப் புழைக்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும். அவை புழைமுன் துளைகள் எனப்படும். இரண்டும் சேர்ந்து ஒரே தொடராக அமைவதும் உண்டு. ஆசியாவெங்கும் பரவியுள்ள வீட்டுப்பல்லியான ஹெமிடாக்டிலஸ் ஃபிரீனாடஸ் இனத்தின் ஆணில், ஒரு தொடையில் தொடங்கும் துளைவரிசை நடுவில் அறுபடாமல் மறு தொடை வரை செல்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் புள்ளி வீட்டுப்பல்லியிலும், மரப்பல்லியிலும் நடுவில் இடைவெளி இருக்கும்.

துளை என்பது வாயில் மட்டுமே. அதன் உட்புறம் தோலுக்கடியில் குழல் போன்ற சுரப்பி ஒன்று உள்ளது. மனிதத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் நீர்மத்தை மட்டும் வெளியிடுகின்றன; சுரக்கும் உயிரணு அழிவதில்லை. பல்லியின் தொடைச் சுரப்பியில் உயிரணுவே சுரப்பாக மாறுகிறது. சுரப்பியின் அடியில் உண்டாகும் உயிரணுக்கள் கொழுப்பாலும் புரதத்தாலும் நிரம்பி, மேல்நோக்கித் தள்ளப்பட்டு, உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகுக் குச்சியைப் போலத் துளை வழியே வெளியே வருகின்றன. சில இனங்களில் இனப்பெருக்கக் காலத்தில் இக்குச்சிகள் சீப்பின் பற்கள் போல வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பல்லி நடக்கும்போது தொடை தரையில் உராய்கிறது. உராயும் இடமெல்லாம் மெழுகு துகளாகப் படிகிறது. குறியிடுவதற்கென்று பல்லி தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, நடந்தாலே போதும். சில இனங்கள் வேண்டுமென்றே இடுப்பைத் தாழ்த்தித் தேய்ப்பதும் கவனிக்கப்பட்டுள்ளது.

ஹெமிடாக்டிலஸ் பல்லிகளில் பெண்ணுக்கு இத்துளைகள் இல்லை. வேறு பல இனங்களில் பெண்ணுக்கும் இருந்தாலும் சிறியதாகவும் செயல் குன்றியும் இருக்கும். துளைகளின் எண்ணிக்கை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது, வயதால் கூடுவதில்லை. கூடுவது அளவும் சுரப்பும்தான். இதைக் கட்டுப்படுத்துவது டெஸ்டோஸ்டிரோன் முதலான ஆண் இயக்குநீர்கள். விந்தகம் நீக்கப்பட்ட ஆண்களில் சுரப்பிகள் சுருங்குவதும், இயக்குநீரைச் செலுத்தினால் மீண்டும் செயல்படுவதும் பல இனங்களில் உறுதியாகியுள்ளன. ஆகையால் சுரப்பு மிகுதியாக வெளிவருவது இனப்பெருக்கக் காலத்தில்தான்.

தொடைச் சுரப்பி ஒன்றே வழி என்று எண்ணக்கூடாது. பொதுக்கழிவுப் புழைக்குள் உள்ள சுரப்பிகள், தோலின் மேற்படலக் கொழுப்புகள், எச்சம் ஆகியவையும் செய்தி சுமக்கின்றன.

மெழுகில் உள்ளவை

இச்சுரப்பு இரண்டு கூறுகளாலானது. ஒன்று புரதம், மற்றது கொழுப்புப் பொருட்கள். அமெரிக்க ஆய்வாளர் அலிசன் ஆல்பர்ட்ஸ் பச்சை உடும்போணானில் செய்த பகுப்பாய்வில் சுரப்பின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு புரதமாக இருந்தது. கொழுப்புப் பகுதியில் கொலஸ்டிரால், நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள், மெழுகு எஸ்டர்கள், ஆல்ககால்கள், ஸ்குவாலீன், வைட்டமின் இ எனப்படும் டோகோபெரால் முதலியன இனத்துக்கு இனம் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும். நிறமாலைமானியுடன் இணைந்த வாயு நிறப்பிரிகை முறை பரவலான பின்னரே இப்பட்டியல் நம்பகமாகக் கிடைத்தது.

இந்தியாவில் இத்துறையில் தொடக்க காலத்திலேயே ஒரு முயற்சி நடந்துள்ளது. வட இந்திய வீடுகளில் காணப்படும் மஞ்சள்வயிற்றுப் பல்லி, தார்ப் பாலைவனப் பகுதியின் முள்வால் ஓணான் ஆகிய இரண்டின் சுரப்பிலுள்ள கொழுப்புக் கூறுகளைப் பற்றிய முதற்கட்ட அறிக்கையை 1986இல் சௌகான் வெளியிட்டார். உலகளவில் இப்பொருள் பற்றிய மீளாய்வுகளில் அந்தச் சிறு கட்டுரை இன்றும் குறிப்பிடப்படுகிறது.

மெழுகாக இருப்பதன் பயன் எளிதில் விளங்கக்கூடியது. மல்லிகைப்பூவின் மணம் காற்றில் பரவுகிறது என்றால் அதன் மூலக்கூறுகள் பூவை விட்டுப் பறக்கின்றன என்று பொருள். பறந்தால் தொலைவுக்குப் போகும், ஆனால் விரைவில் தீர்ந்தும் போகும். எளிதில் ஆவியாகாத மெழுகோ இட்ட இடத்திலேயே கிடக்கும். தொலைவிலிருந்து உணர முடியாது, அருகில் வந்து தொட்டுத்தான் படிக்க வேண்டும். தன் இடத்தைக் காக்கும் ஆணுக்கு இது மிகப் பொருத்தம். எல்லைக்குள் காலெடுத்து வைப்பவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

செய்தி எந்தச் சூழலில் எழுதப்படுகிறதோ அதற்கேற்ப மையும் மாறுகிறது. 2018இல் சைமன் பேக்கன்ஸ் குழுவினர் 64 லாசெர்டிட் இனங்களின் சுரப்பை ஒப்பிட்டனர். வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் வாழும் இனங்களின் சுரப்பில், எளிதில் சிதையாத எஸ்டர்களும் மூலக்கூறு எடை மிகுந்த ஆல்ககால்களும் கூடுதலாக இருந்தன. ஈரமான இடங்களில் வாழ்பவற்றில் எளிதில் ஆவியாகும் ஆல்டிஹைடுகளும் எடை குறைந்த ஆல்ககால்களும் மிகுந்திருந்தன. தமிழகத்தின் வறண்ட புதர்நிலங்களில் ஓடித்திரியும் பாம்புக்கண் பல்லி (ஆஃபிசாப்ஸ்) இந்த லாசெர்டிட் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கும் தொடைத்துளைகள் உண்டு.

வறண்ட நிலத்தில் மெழுகைக் கண்டுபிடிப்பதே ஒரு சிக்கல். அமெரிக்கப் பாலைவன உடும்போணானின் சுரப்பு ஆவியாவதே இல்லை எனலாம். அப்படியானால் பரந்த மணலில் அது கிடக்கும் இடம் மற்றொன்றுக்கு எப்படித் தெரியும்? ஆல்பர்ட்ஸ் 1989இல் தந்த விடை வியப்பானது. அச்சுரப்பு புறஊதா ஒளியை உறிஞ்சுகிறது. அந்த ஓணானின் கண் புறஊதா ஒளியைக் காணவல்லது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறி அதற்கு மணலில் கரும்பொட்டாகத் தெரியக்கூடும். முதலில் கண் கண்டுபிடிக்கிறது, பிறகு நாக்கு போய்ப் படிக்கிறது.

நாக்கும் ஜேக்கப்சன் உறுப்பும்

படிக்கும் கருவி நாக்கு. பல்லியினங்கள் நாக்கை வெளியே நீட்டிக் காற்றையோ தரையையோ தொட்டு உள்ளிழுக்கின்றன. நாக்கில் ஒட்டிய மூலக்கூறுகள் வாயின் மேலண்ணத்தில் உள்ள இரு சிறு துளைகள் வழியே ஜேக்கப்சன் உறுப்பைச் சென்றடைகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலூட்டிகளில் இதை விவரித்ததால் இப்பெயர். மூக்கின் நரம்புப் பாதையிலிருந்து தனியான பாதையில் இவ்வுறுப்பு மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. வீட்டுப்பல்லி போன்றவை இதனுடன் மூக்கையும் நன்றாகவே பயன்படுத்துகின்றன.

உடும்பின் நாக்கு பாம்பின் நாக்கைப் போலப் பிளவுபட்டது. பிளவு நாக்கு கொட்டும் என்று நாட்டுப்புறத்தில் ஓர் அச்சம் உண்டு. பிளவின் பயன் வேறு. இரு நுனிகளும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் தொடுகின்றன. எந்த நுனியில் மணம் மிகுதியோ அந்தப் பக்கம் திரும்பினால் தடம் தவறாது. பிளவு நாக்கு திசையறியும் கருவி என்ற இவ்விளக்கத்தை 1994இல் கர்ட் ஷ்வெங்க் விரிவாக முன்வைத்தார்.

நாக்கை நீட்டும் எண்ணிக்கையே ஆய்வாளர்களுக்கு அளவுகோல். பஞ்சுக் குச்சியில் சுரப்பைத் தடவிப் பல்லியின் முகத்தருகே நீட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நாக்கை நீட்டுகிறது என்று எண்ணுவார்கள். வெறும் நீர் தடவிய குச்சி ஒன்றும், பல்லியின் வாழ்க்கையோடு தொடர்பற்ற வாசனைத் தைலம் தடவிய குச்சி ஒன்றும் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும். கடுமையான மணம் எதுவானாலும் நாக்கு நீளும் என்ற ஐயத்தைப் போக்கவே அந்தத் தைலக் குச்சி. கருவிச் செலவு அதிகமில்லாத இம்முறையால்தான் நூற்றுக்கணக்கான சோதனைகள் சாத்தியமாயின.

செய்தியின் பொருள்

மெழுகு சொல்லும் முதற்செய்தி, இட்டது எந்த இனம், ஆணா பெண்ணா என்பது. இது பிழையானால் என்ன ஆகும் என்பதைச் சிறுத்தைப் பல்லி காட்டுகிறது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளுக்குரிய இப்பல்லியை 1990இல் ராபர்ட் மேசனும் வில்லியம் குட்ஸ்கேயும் ஆராய்ந்தனர். வழக்கமாகப் பெண்ணை நாடும் ஆண், அதே பெண் தோலுரிக்கும் நேரத்தில் அவளைத் தாக்கியது. தோலுரித்து முடிந்ததும் மறுபடியும் நாடியது. பெண் என்று அறிவிக்கும் பொருட்கள் தோலின் மேற்படலத்தில் இருந்தன. உரியும் பழந்தோல் அதை மறைத்தபோது ஆணின் கணக்கில் அவள் ஒரு போட்டியாளனாகிவிட்டாள். கண்முன் நிற்பது யார் என்பதைக் கண் சொல்வதைவிட நாக்கு சொல்வதையே அந்த ஆண் நம்பியது.

இரண்டாவது செய்தி ஆள் அடையாளம். அடுத்த எல்லையில் வாழும் பழகிய ஆணின் குறியையும் அயலானின் குறியையும் பல இனங்கள் வேறுபடுத்துகின்றன. பழகியவனோடு ஒவ்வொரு நாளும் சண்டையிட வேண்டியதில்லை. வாலை இழப்பதும் கடிபடுவதும் பல்லிக்குப் பெரிய செலவு. குறியைப் படித்து ஒதுங்குவது மலிவு. சண்டை தவிர்க்கப்படுவது எழுதியவன், படிப்பவன் இருவருக்கும் ஆதாயம்.

மூன்றாவது, உடல்நிலை. இங்கேதான் பொருள் சுவையாகிறது. பொய் சொல்ல முடியுமானால் நோயுற்ற ஆணும் தன்னை வல்லவனாகக் காட்டிக்கொள்ளலாமே? மத்ரித் நகரின் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹோசே மார்ட்டின், பிலார் லோபெஸ் இருவரும் ஸ்பெயினின் மலைப்பாறைப் பல்லியில் இக்கேள்வியை நீண்ட காலம் தொடர்ந்தனர். அதன் சுரப்பில் வைட்டமின் டி-யின் முன்னோடிப் பொருள் உள்ளது. வைட்டமின் டி நோய் எதிர்ப்புக்குத் தேவையானது. அதை மெழுகில் போட்டு வீணாக்க, உடலில் உபரி இருக்க வேண்டும். 2006இல் வெளியான அவர்களது சோதனையில், வைட்டமின் டி சேர்த்து உணவளிக்கப்பட்ட ஆண்களின் மணத்தைப் பெண்கள் கூடுதலாக விரும்பின. பச்சைப் பல்லி எனப்படும் மற்றோர் ஐரோப்பிய இனத்தில், வைட்டமின் இ மிகுந்த ஆண்களின் மணமுள்ள இடங்களில் பெண்கள் கூடுதல் நேரம் தங்கியதை 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. இருப்பதைக் கொடுத்தால்தான் எழுத முடியும் என்பதால் இம்மையில் பொய் எழுதுவது கடினம்.

ஆனால் எழுதியதை யாரும் படிக்கலாம். மோப்பத்தால் இரை தேடும் பாம்புகளுக்கும் அக்குறி தடயமாகலாம். இது தொடர்பாகக் கிரேக்கத் தீவுகளில் நடந்த ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. 2014இல் ஒரு சுவர்ப்பல்லி இனம், கொன்றுண்ணிகள் இல்லாத ஐந்து சிறு தீவுகளில் விடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அப்பல்லிகளின் சுரப்பிலுள்ள வேதிப்பொருட்களின் வகை, மூல இடத்துப் பல்லிகளைவிடப் பெருகியிருந்தது. ஐந்து தீவுகளிலும் மாற்றம் ஒரே திசையில் நிகழ்ந்தது. பகை குறைந்த இடத்தில் செய்தி விரிவாகிறது என்று இம்முடிவு வாசிக்கப்படுகிறது.

துளையற்ற இனங்கள்

வேலி ஓணானுக்குத் தொடைத்துளை இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். கம்பத்தின் உச்சியில் அமர்ந்து தலையை ஆட்டித் தன் இருப்பை அறிவிக்கும். பாறைக் குன்றுகளில் வாழும் பாறை ஓணானும் அப்படியே. தரையில் வாழும் விசிறித்தொண்டை ஓணானின் ஆண் ஒரு கல்லின் மேல் ஏறித் தொண்டைத் தோலை விரித்து மடக்கும். தென் தமிழகத்தைச் சேர்ந்த இதன் ஓர் இனத்துக்கு 2016இல் சிட்டானா மருதம்நெய்தல் எனத் தமிழ்த் திணைப்பெயர்களால் அறிவியற்பெயர் சூட்டப்பட்டது. மருதமும் நெய்தலும் கலக்கும் நிலத்தில் வாழ்வதால் அப்பெயர். இதற்கும் துளைகள் இல்லை. வெளிச்சமும் திறந்த வெளியும் இருக்கும்போது ஆட்டமும் நிறமும் நொடியில் வேலையை முடித்துவிடுகின்றன. அதே ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த முள்வால் ஓணான் துளைகளை வைத்துக்கொண்டிருப்பது, பொதுவிதி தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை.

அரணைக்கும் தொடைத்துளை இல்லை, எனினும் அது மணத்தை விடவில்லை. அமெரிக்காவின் அகன்றதலை அரணையில் வில்லியம் கூப்பர் முதலானோர் செய்த ஆய்வுகளின்படி, பெண்ணின் பொதுக்கழிவுப் புழைக்குள் உள்ள ஒரு சுரப்பியின் பொருள் ஆணைக் கவர்கிறது. பெண் சென்ற தடத்தை ஆண் நாக்கால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்கிறது. உடும்பு இரையையும் துணையையும் தேடுவது பெரும்பாலும் இதே நாக்கு வழியில்தான்.

'அரணை கடித்தால் மரணம்' என்ற வழக்கை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அரணைக்கு நஞ்சு இல்லை. வீட்டுப்பல்லியின் தொடை மெழுகும் நஞ்சல்ல. அது கொழுப்பும் புரதமும் கலந்த பசை. பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரியே, ஆனால் காரணம் வேறு. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். இதற்கு நேரெதிரான மயக்கமும் உண்டு. முள்வால் ஓணானின் கொழுப்பிலிருந்து காய்ச்சப்படும் எண்ணெயும் உடும்பின் உறுப்புகளும் ஆண்மை மருந்தென்று விற்கப்படுகின்றன. ஓர் ஓணான் ஆணின் வலிமையை மற்றோர் ஓணானுக்கு அறிவிக்கும் பொருள் மனிதனுக்கு அதே வலிமையைத் தரும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பகல்பல்லிகள்

ஓணான் நிறத்தையும் வீட்டுப்பல்லி மெழுகையும் தேர்ந்தன என்றால், இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவை நீமாஸ்பிஸ் எனப்படும் பகல்பல்லிகள். பல்லிகளின் முன்னோர்கள் இரவில் நடமாடியவை. இப்பேரினம் பகலுக்கு மாறியது. மாறியபோது ஆண்களின் தலையிலும் தொண்டையிலும் நிறம் வந்தது, ஆனால் பழைய சுரப்பிகள் போகவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் அவருடன் பணியாற்றிய கபீர், ராதிகா வெங்கடேசன் ஆகியோரும் மைசூர்ப் பகல்பல்லியில் (நீமாஸ்பிஸ் மைசூரியன்சிஸ்) செய்த ஆய்வு 2019இல் வெளியானது. நிறம் தனியாக, மணம் தனியாக, இரண்டும் சேர்ந்து என்று காட்டிப் பார்த்ததில் ஆணும் பெண்ணும் ஒரே வகையாகப் பதில் தரவில்லை. ஒரே செய்தியை இருவர் வெவ்வேறு விதமாகப் படிக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பல நீமாஸ்பிஸ் இனங்களை ஒப்பிட்டு, ஓரினம் நிறத்திலும் மணத்திலும் எவ்வளவு முதலிடுகிறது என்பதில் அது வாழும் சூழலுக்கும் அதன் மரபுவழிக்கும் பங்குண்டு என்று காட்டினர். ஒன்று வந்ததும் மற்றது தேவையற்றுப் போய்விடும் என்ற எளிய எதிர்பார்ப்பு இங்கே பொருந்தவில்லை.

துளைகளும் இனப்பெயர்களும்

துளைகளின் எண்ணிக்கை வயதால் மாறாது என்பதால், இனங்களைப் பிரித்தறிய வகைப்பாட்டியலாளர்கள் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். 1935இல் வெளிவந்த பிரித்தானிய இந்திய விலங்குத் தொகுதியின் பல்லிகள் பகுதியில், மால்கம் ஸ்மித் துளை எண்ணிக்கையை இனத்துக்கு இனம் குறித்திருக்கிறார். தென்னிந்திய மலைகளுக்கே உரிய திராவிடோகெக்கோ என்ற பேரினத்தை 1933இல் அமைத்தவரும் அவரே. அதில் நீண்ட காலம் ஒரே ஓர் இனம் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்டது. 2019இல் சைதன்யா, தீபக், கிரி, கரந்த் முதலானோர் மரபணு ஒப்பீட்டையும் துளை, செதில் கணக்குகளையும் சேர்த்து ஆராய்ந்து ஆறு புதிய இனங்களை அறிவித்தனர். பழமை, பல்லி என்னும் தமிழ்ச் சொற்களால் ஒன்றுக்குத் தொல்பல்லி என்று பெயரிட்டனர். மற்றொன்று தாமிரபரணியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள மாஞ்சோலையில் கிடைத்தது. அதற்கு ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் பெயர் வைக்கப்பட்டது.

உருவத்தில் மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பல்லிகள் தனி இனங்களாக இருப்பது இத்துறையில் அடிக்கடி நேர்கிறது. பல்லிகளே ஒன்றையொன்று கண்ணால் மட்டும் பிரித்தறிவதில்லை என்பதை நினைத்தால் இது வியப்பல்ல.

வெப்பம்

மெழுகு வெப்பத்தில் இளகும். கொழுப்புப் பொருட்கள் வெயிலிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதையும். மார்ட்டினும் லோபெஸும் 2013இல் மலைப்பாறைப் பல்லியின் குறிகளைக் கூடுதல் வெப்பத்தில் வைத்துச் சோதித்தபோது, அவற்றைக் கண்டறியும் திறனும் அவற்றிலிருந்து பெறும் தகவலும் குறைந்தன. பல்லிக்கு வெப்பம் பிடிக்குமா பிடிக்காதா என்பது மட்டும் கேள்வியன்று. அதன் உடல் தாங்கும் வெப்பத்தை அது எழுதிய செய்தி தாங்காமல் போகலாம். துணையைத் தேர்வதும் சண்டையைத் தவிர்ப்பதும் அந்தச் செய்தியை நம்பியே நடக்கின்றன.

வெப்பச் சமவெளியின் இனங்கள் சிதையாத மையை ஏற்கெனவே பெற்றிருக்கலாம். ஏரல் பகுதியில் கோடை வெயிலுக்குப் பழகிய வீட்டுப்பல்லி இரவில்தான் நடமாடுகிறது. அதன் குறிகளில் பல சுவரின் நிழல்பக்கத்திலும் கூரைக்கடியிலும் கிடக்கின்றன. குளிர்ந்த, ஈரமான மாஞ்சோலைக் காட்டின் பல்லிக்கு அந்த வசதி குறைவு. பேக்கன்ஸ் குழுவினர் கண்ட பொதுப்போக்கு அவற்றுக்கும் பொருந்துமானால், எளிதில் ஆவியாகும் மையே அவற்றிடம் இருக்கும். மலை வெப்பமாகும்போது அவை மேலே ஏறலாம், ஆனால் மலைக்கு உச்சி உண்டு.

காண விரும்புவோருக்கு

தொடைத்துளைகளைக் காணப் பல்லியைப் பிடிக்க வேண்டியதில்லை. பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும், வாலோடு அதில் சேர்த்துவைத்த கொழுப்பும் போகும். இரவில் விளக்கெரியும் அறையின் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்புறம் பூச்சி பிடிக்க வரும் பல்லியை உள்ளிருந்து பார்த்தாலே அடிப்பகுதி முழுவதும் தெரியும். வாலின் அடியில் இரு புடைப்புகள் இருந்தால் ஆண். அதன் பின்தொடைகளின் உட்புறத்தில் மஞ்சளான அல்லது பழுப்பான புள்ளிகள் ஒரு வரிசையாகத் தெரியும். வரிசை நடுவில் அறுபடாமல் தொடர்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்த்தால் எந்த வீட்டுப்பல்லி என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். கைபேசியில் பெரிதாக்கிப் படமெடுத்தால் துளைகளை எண்ணவும் முடியும். பல்லி நகர்ந்த பிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது. சற்று நேரம் காத்திருந்தால் அடுத்து வரும் பல்லி அதே இடத்தில் நின்று நாக்கால் கண்ணாடியைத் தொடுவதைக் காணக்கூடும்.